அண்டி ஆபீஸில் நான் சொன்ன ஒரு வார்த்தை

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து விஜிலா என்ற பெண் என்னைப் போனில் அழைத்தாள். தொழிலாளர் துறையில் புதிதாகச் சேர்ந்த உதவி ஆய்வாளர். நான் ஓய்வு பெற்றபோது காலியான நாற்காலியில் இப்போது அவள்தான் இருக்கிறாள்.

"சார், குறைந்தபட்சக் கூலிக்குப் புது விதி வரப்போவுது. வரைவு வந்தாச்சு. முதலாளிமாரையும் தொழிலாளிகளையும் கூப்பிட்டு ஒரு விளக்கக் கூட்டம் போடச் சொல்லியிருக்காங்க. நீங்க வந்து ஒங்க அனுபவத்தைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுவியளா?"

"வரைவை அனுப்பும்மா, படிச்சுட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். நல்லதும் அதில் இருக்கிறது. இன்ன இன்ன தொழிலுக்கு மட்டும்தான் குறைந்தபட்சக் கூலி என்றிருந்தது போய், இனி எல்லா வேலைக்கும் உண்டு. மாநில அரசு எந்த அளவுக்குக் கீழே இறங்கக்கூடாது என்று மத்தியில் ஒரு தரை போடுகிறார்கள். அபராதம் கூடியிருக்கிறது. ஆய்வாளர் என்ற பெயரோடு 'வசதியாளர்' என்றும் சேர்த்திருக்கிறார்கள். எந்தக் கடைக்குப் போவது என்பதைக் கம்ப்யூட்டர் தேர்ந்தெடுக்கும். தவறு கண்டால் உடனே வழக்கில்லை. எழுத்தில் சொல்லி, திருத்திக்கொள்ள முதலாளிக்கு அவகாசம் கொடுக்க வேண்டும். நான் தேடியது வேறொன்று. வாயைத் திறந்து உண்மையைச் சொன்ன தொழிலாளிக்கு மறுநாள் வேலை இருக்குமா என்பதற்கு அதில் ஏதாவது பதில் உண்டா என்று பார்த்தேன். என் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை.

மூட்டுவலி, வர முடியாது என்று விஜிலாவிடம் சொல்லிவிட்டேன். மூட்டுவலி இருப்பதும் உண்மைதான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் நான் பேசியிருக்க வேண்டியது எதுவோ அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, பதவி உயர்வில் உதவி ஆய்வாளர் ஆனவன் நான். சென்னையில் மூன்று வாரப் பயிற்சி கொடுத்தார்கள். தராசு முத்திரையிலிருந்து ஓட்டல் விடுமுறை வரை எத்தனையோ சட்டங்களைச் சொன்னார்கள். அவற்றில் பாதியை ரயிலிலேயே மறந்துவிட்டேன். மீதியை மார்த்தாண்டத்துக் கடைகளும் ஆரல்வாய்மொழிச் செங்கல் சூளைகளும் சொல்லிக்கொடுத்தன. ஒருமுறை ஒரு துணிக்கடையில் விற்பனைப் பெண்களுக்கு உட்கார இடமில்லை என்று எழுதினேன். மறு ஆய்வுக்குப் போனபோது வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அத்தனையிலும் விலைச்சீட்டு ஒட்டியபடியே இருந்தது. நாங்கள் படியிறங்கியதும் அவை பக்கத்துக் கடைக்கே திரும்பிப் போயிருக்கும். அந்த நாளில் அதைச் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

என் பணிக்காலத்தில் நான் மதித்த மேலதிகாரி ஒருவர்தான். கலைவாணி மேடம். என்னைவிடப் பதினாறு வயது இளையவர். தேர்வெழுதி நேரடியாக ஆய்வாளராக வந்தவர். சேலத்துப் பக்கம். எங்கள் ஊர்ப் பேச்சு முதல் மாதத்தில் அவருக்குப் பாதிக்குமேல் விளங்காது. மேற்கே கேரள எல்லையை ஒட்டிய ஊர்களுக்குப் போனால் முழுக்கவே விளங்காது. அதனால் எங்கே போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். அவர் கேட்பதை நான் ஊர்ப் பேச்சில் கேட்பேன். அவர்கள் சொல்வதை அவருக்குப் புரியும்படி சொல்வேன்.

அவருடைய ஆய்வு மெதுவாக நடக்கும். ஆய்வுக்குப் போன இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். பையில் சொந்தப் பாட்டில் இருக்கும். கூலிப் பதிவேட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னால் புரட்டிக்கொண்டு வருவார். "முதல் பக்கத்தை எல்லாரும் அழகா எழுதுவாங்க. அலுத்துப்போன பக்கத்துலதான் நிஜம் இருக்கும்" என்பார். தொழிலாளியிடம் சம்பளத்தைப் பற்றி எடுத்த எடுப்பில் கேட்கமாட்டார். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், காலையில் எத்தனை மணி பஸ் என்று கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிடுவார். வாக்குமூலம் எழுதி முடித்ததும் அதை ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்துக் காட்டுவார். பிறகு ஒரே கேள்வி கேட்பார். "இதுல நீங்க சொல்லாத வார்த்தை ஏதாவது இருக்கா?" இல்லை என்று சொன்ன பிறகுதான் கையெழுத்து வாங்குவார்.

எங்கள் பக்கத்தில் முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் கூடத்துக்கு அண்டி ஆபீஸ் என்று பெயர். ஆபீஸ் என்று பெயரே தவிர, ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் புகையும்தான். கருங்கல் என்ற ஊருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் அப்படியொரு கூடத்துக்கு நாங்கள் போனோம். பதினைந்து பெண்கள் வேலை செய்தார்கள். வறுத்த கொட்டையைக் கல்மேல் வைத்து மரக்கட்டையால் தட்டி, பருப்பு உடையாமல் எடுக்க வேண்டும். தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை அரிக்கும். அதற்காகக் கையில் சாம்பலைப் பூசிக்கொள்வார்கள். என்ன பூசினாலும் விரல் நுனிகள் கருத்து, தோல் உரிந்து உரிந்து வழவழப்பாகிவிடும்.

மேடம் கூலிப் பதிவேட்டைக் கடைசியிலிருந்து புரட்டினார். அரசு அறிவித்த கூலி, ஏப்ரலில் கூடிய பஞ்சப்படி எல்லாம் சரியாக இருந்தன. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் பெருவிரல் ரேகை.

"எல்லாருமே கைநாட்டா?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கும் அது உறுத்தியது. படிப்பில் பேர்போன இந்த மாவட்டத்தில், அதுவும் மேற்கே, பதினைந்து பெண்களில் ஒருத்திக்குக்கூடக் கையெழுத்துப் போடத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? ஞாயிற்றுக்கிழமை இவர்களில் பாதிப்பேர் சர்ச்சில் வேதபுத்தகம் வாசிக்கிறவர்கள்.

கணக்கர் உடனே பதில் சொன்னார். "கையில நெறய எண்ணெய்யும் கரியும் மேடம். பேனா பிடிச்சா வழுவும். அதாக்கும் விரல் வைக்கியது."

மேடம் பதிவேட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ரேகைகள் ஒவ்வொன்றும் கோடு கோடாக, அச்சடித்த மாதிரி தெளிவாக இருந்தன.

கூடத்துக்குள் போய்ப் பெண்களிடம் கையைக் காட்டச் சொன்னார். தயங்கித் தயங்கி நீட்டினார்கள். ஒரு கையிலும் ரேகை இல்லை. ரெத்தினபாய் என்ற பெண்ணின் பெருவிரலை மை ஒற்றியில் வைத்து வெள்ளைத் தாளில் பதித்தார். ஒரு கறுப்புத் திட்டுதான் விழுந்தது. ஒரு கோடுகூட இல்லை. மேடம் இன்னொரு முறை பதித்தார். அதே திட்டுத்தான்.

கணக்கர் தன் வலது கையை மெல்லச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

பதினைந்து பேருக்கும் ஒரே ஆள் விரல் வைத்திருக்கிறான் என்பது தெரிந்துவிட்டது. பதிவேட்டில் உள்ளதில் பாதியளவுதான் கையில் கிடைக்கிறது என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் அதை எழுத்தில் கொடுக்க ஆள் வேண்டும். மேடம் தரையில் உட்கார்ந்து தாளை மடியில் வைத்துக்கொண்டு, "யார் சொல்றீங்க?" என்றார். எல்லோருடைய கண்ணும் வாசலில் நின்ற மேஸ்திரியின்மேல் இருந்தது.

ரெத்தினபாய் தலையில் கட்டியிருந்த துவர்த்துத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். நாற்பது வயதிருக்கும். பனையேறி விழுந்த கணவன் நான்கு வருடமாகப் படுக்கையில் இருந்தான். மகள் நாகர்கோவிலில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். மேடத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"சாரே, நான் எழுதித் தந்தா எனக்க வேலை போவுமா?"

அந்தக் கேள்வியை நான் மேடத்துக்குச் சொல்லியிருக்க வேண்டும். என் வேலையே அதுதான். சொல்லியிருந்தால் அவர் உண்மையைச் சொல்லியிருப்பார். வேலையிலிருந்து நிறுத்தினால் தடுக்க நம் கையில் அதிகாரம் ஒன்றும் இல்லை என்று அவளிடம் சொல்லச் சொல்லியிருப்பார். அவர் அப்படிப்பட்டவர். ஆனால் நான் அவசரப்பட்டேன். இத்தனை வருடத்தில் இவ்வளவு தெளிவான ஒரு கேஸ் என் கையில் வந்ததில்லை. அது நழுவிவிடக் கூடாது என்று நினைத்தேன்.

"ஒண்ணும் ஆவாது மக்கா. நாங்க இருக்கோம்லா?" என்றேன்.

"என்ன கேட்டாங்க? நீங்க என்ன சொன்னீங்க?" என்றார் மேடம்.

"சட்டத்தை விளக்கினேன் மேடம்."

ரெத்தினபாய் சொல்லச் சொல்ல மேடம் எழுதினார். ஒரு கிலோ பருப்புக்கு என்ன கிடைக்கும், உடைந்தால் எவ்வளவு பிடிப்பார்கள், பண்டிகைக்கு என்ன தருவார்கள் எல்லாம் விவரமாக வந்தது. வழக்கம்போல வரிவரியாக வாசித்துக் காட்டினார். "இதுல நீங்க சொல்லாத வார்த்தை ஏதாவது இருக்கா?" நான் அதை ஊர்ப் பேச்சில் கேட்டேன். அவள் இல்லை என்று தலையாட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு, பேனா வழுவாமல், தெளிவாக 'வ. ரெத்தினபாய்' என்று கையெழுத்திட்டாள். அவள் சொன்னதெல்லாம் அந்தத் தாளில் இருந்தது. நான் சொன்னது மட்டும் இல்லை.

முதலாளிக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினோம். பதில் வக்கீல் மூலம் வந்தது. கணக்கர் அறியாமல் செய்த தவறு, கூலி முழுவதும் கொடுக்கப்பட்டுவிட்டது என்றிருந்தது. கூடவே பதினான்கு பெண்களின் உறுதிமொழிப் பத்திரங்கள். முழுக் கூலியும் பெற்றுக்கொண்டோம், குறையொன்றும் இல்லை. பதினான்கிலும் அழகான கையெழுத்து. பேனா பிடிக்க முடியாத பெண்களுக்கு ஒரே வாரத்தில் பிடிக்க முடிந்துவிட்டது. அதைப் படித்துவிட்டு மேடம் பத்திரங்களை மேஜையில் அடுக்கி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"அந்த அம்மா தனியா நிக்கறாங்க" என்றார்.

அதற்குள் அண்டி ஆபீஸைப் பழுது பார்க்கிறோம் என்று மூடிவிட்டார்கள். ஒன்றரை மாதம் பூட்டிக் கிடந்தது. பிறகு முதலாளியின் மனைவி பேரில் புதுப் பலகை மாட்டித் திறந்தார்கள். பதினான்கு பேரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ரெத்தினபாயை யாரும் வேலையிலிருந்து நீக்கவில்லை. அவள் வேலை செய்த நிறுவனமே இல்லாமல் போயிற்று. புது நிறுவனம் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். எந்தச் சட்டத்தைப் புரட்டினாலும் அதில் குற்றம் இல்லை.

மேடத்துக்கு அந்த வருட மாறுதல் பட்டியலில் வடக்கே ஒரு மாவட்டம் கிடைத்தது. கிளம்பும் நாளன்று அந்தக் கோப்பை என்னிடம் தனியாக எடுத்துக் கொடுத்து, "இதை மட்டும் விட்டுடாதீங்க" என்றார். அன்றைக்காவது அவரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாசல்வரை கூடப்போய்ப் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொடுத்துவிட்டுத் திரும்பினேன்.

விட்டுவிடவில்லை. விரல்ரேகை நிபுணரின் கருத்து வர மாதங்கள் ஆயின. வந்தது எங்கள் பக்கம்தான். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் முதலாளி குற்றத்தை ஒப்புக்கொண்டார். அன்றைய சட்டத்தில் அந்தக் குற்றத்துக்கு இருந்த உச்ச அபராதமே ஐந்நூறு ரூபாய். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டு, வெளியே வந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அதில் கேலிகூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தால் கும்பிடுவதைப் போலத்தான் கும்பிட்டார். கூலி வித்தியாசத்துக்காக நாங்கள் தனியாகப் போட்ட மனுவில், வாய்தா மேல் வாய்தாவுக்குப் பிறகு, ரெத்தினபாய் ஒருத்திக்கு மட்டும் உத்தரவு வந்தது. அலுவலகத்தில் எல்லோரும் ஜெயித்துவிட்டோம் என்றார்கள். ஒருவர் லட்டு வாங்கிவந்தார்.

அடுத்த வாரம் ரெத்தினபாய் அலுவலகத்துக்கு வந்தாள். உத்தரவுப்படி தொகை வந்துவிட்டதா என்று கேட்டேன். வந்துவிட்டது, மகளுக்குப் பீஸ் கட்டியாயிற்று என்றாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"சாரே, ஒரு காரியம் கேக்கணும். அந்தப் பேப்பர்ல இருந்து எனக்க பேர எடுத்துப் போடலாமா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "எந்தப் பேப்பர்?"

"நான் ஒப்புப் போட்ட பேப்பர். இஞ்ச உள்ள எல்லா அண்டி ஆபீஸ்லயும் போய்க் கேட்டேன் சாரே. மேஸ்திரிமாருக்கெல்லாம் எனக்க பேரு தெரியும். கேஸ் கொடுத்தவ, ஒன்னயெடுத்தா எங்களுக்கும் பாடுதான்னு சொல்லுதாவ. கேஸ்தான் முடிஞ்சாச்சே. இனி அந்தப் பேரு அங்க எதுக்கு? அத எடுத்துப் போட்டுட்டு, இவ மேல கேஸொண்ணும் இல்லைன்னு நீங்க ஒரு சீட்டு எழுதித் தந்தா நான் காட்டிக்கிடுவேன்."

"உங்க மேல கேஸ் கிடையாதும்மா. கேஸ் முதலாளி மேலதான்."

"அது ஒங்களுக்குத் தெரியும் சாரே. எனக்கும் தெரியும்." குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஆபீஸ் மூடிக் கெடந்த ஒண்ணரை மாசமும் எல்லாவளுக்கும் அடுப்பு எரியல்ல. என்னாலதான்னு சொல்லுதாவ. சர்ச்சில எனக்க பக்கத்துல ஒருத்தியும் இருக்கமாட்டா."

கொடுத்த வாக்குமூலத்தை அழிக்க முடியாது என்று விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். நீதான் ஒன்றும் ஆகாது என்று சொன்னாய் என்று என்னைக் கேட்பாள் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். "செரி சாரே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அவளுக்காகத் தெரிந்த மூன்று முதலாளிகளிடம் பேசினேன். "சார் சொன்னா மறுப்பேது?" என்று மூவரும் சொன்னார்கள். அவள் போனபோது மூவரிடமும் ஆள் நிறைந்திருந்தது. ஒரு பாத்திரக்கடையில் இரண்டு மாதம் நின்றாள். பிறகு அதுவும் இல்லை. மகள் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திருவனந்தபுரத்தில் வீட்டு வேலைக்குப் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். நான் போய் விசாரிக்கவில்லை. கருங்கல் பக்கம் ஆய்வு வந்தால் வேறொருவரை அனுப்பப் பார்த்தேன்.

அதற்குப் பிறகும் பல வருடம் வேலை பார்த்தேன். பல இடங்களில் வாக்குமூலம் எழுதினேன். வேலை போகுமா என்று யார் கேட்டாலும், "போகலாம்மா, தடுக்க எங்களால முடியாது" என்று சொல்லிவிடுவேன். சொன்னதும் அவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். எழுதாத தாளோடு திரும்பி வருவேன். பொய் சொன்னபோது ஒருத்தி அழிந்தாள். உண்மை சொன்னபோது ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. இவற்றுக்கு நடுவில் ஒரு வழி இருந்திருந்தால் அதை நான் கண்டுபிடிக்கவில்லை.

ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. அப்போதே ஆய்வுக்குரிய பட்டியல் கம்ப்யூட்டரிலிருந்து வரத் தொடங்கியிருந்தது. குலசேகரம் பக்கத்தில் ஓர் அண்டி ஆபீஸ் பெயர் வந்தது. போனேன். புதுக் கட்டிடம், வெள்ளை ஓடு பதித்த தரை. பதிவேடெல்லாம் கம்ப்யூட்டரில். கூலி வங்கிக் கணக்குக்கு நேராகப் போகிறது. ஒவ்வொரு பெயருக்கும் ஆதார் நகல். குறை சொல்ல ஒன்றுமில்லை. மாதிரிக்கு மூன்று தொழிலாளர்களை விசாரித்து எழுத வேண்டும் என்பது விதி. மேலாளர் மூன்று பேரை அழைத்தார்.

மூன்றாவதாக வந்தவள் ரெத்தினபாய்.

தலை பாதி நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் ஒரு கணம் வாசலிலேயே நின்றாள். பிறகு வந்து எதிரில் நின்றாள். மேலாளர் பக்கத்தில்தான் இருந்தார்.

"பேரென்னம்மா?" என்றேன். வேறெதைக் கேட்பது?

"லீலாபாய்."

பட்டியலில் அந்தப் பெயர் இருந்தது. ஆதார் நகலில் இருந்த முகம் அவளுடையதல்ல. அவள் கணவனுக்கு அந்தப் பெயரில் ஒரு தங்கை உண்டு என்று எப்போதோ சொல்லியிருந்தாள். நாத்தனாரின் பெயர், நாத்தனாரின் வங்கிக் கணக்கு. அவள் உழைப்புக்கான வருங்கால வைப்பு நிதியும் அந்தப் பெயரில்தான் சேர்ந்துகொண்டிருக்கும்.

"கூலி எவ்வளவு கிடைக்குது?"

அடிப்படை இவ்வளவு, பஞ்சப்படி இவ்வளவு, பிடித்தம் இவ்வளவு என்று ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி பைசா விடாமல் சொன்னாள். அரசு அறிவித்த தொகை அப்படியே இருந்தது.

"கையில முழுசும் கிடைக்குதா? திருப்பி ஏதாவது வாங்கிக்கிடுவாவளா?"

"இல்ல சாரே. முழுசாட்டுக் கிடைக்குது."

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. தெரிந்தவர் என்று காட்டிக்கொள்ளவும் இல்லை. பேசாமல் எழுதிவிட்டுப் போ என்ற கெஞ்சல் மட்டும் இருந்தது.

ஆள்மாறாட்டம் என்று எழுத எனக்கு ஒரு வரி போதும். அன்று மாலைக்குள் அவளுக்கு இந்த வேலையும் போயிருக்கும். மேலாளருக்கு அது முன்பே தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இன்னொருத்தி பெயரில் வேலை செய்கிறவள் எதைப் பற்றியும் புகார் சொல்ல மாட்டாள் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

'தொழிலாளர்கள் மூவர் விசாரிக்கப்பட்டனர். அறிவிக்கப்பட்ட கூலி முழுமையாகக் கிடைப்பதாகத் தெரிவித்தனர். குறைபாடு ஏதும் இல்லை.' எழுதித் தாளை நகர்த்தினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி நிறுத்தி, அந்தப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டாள்.

"நான் போலாமா சாரே?"

"போங்கம்மா" என்றேன்.

அவள் போய் வரிசையில் தன் இடத்தில் உட்கார்ந்து பருப்பின் தோலை உரிக்கத் தொடங்கினாள். நான் அறிக்கையைப் படம் எடுத்து, அங்கிருந்தே போனில் ஏற்றி அனுப்பினேன். கம்ப்யூட்டர் உடனே ஏற்றுக்கொண்டது.